குகையைத் தேடிப் போனவர்

வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டிலிருந்து, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, என் அக்காள் மகன் இராத்திரியெல்லாம் கண் விழித்துக் கைபேசியில் ஒரே கதையைப் பார்க்கிறான். அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் ஏதோ குகையைத் தேடிப் போய்க் காணாமல் போனவராம். ராணுவம் பிடித்துக்கொண்டது என்று ஒரு நாள் சொல்கிறான், வேற்றுக்கிரகத்தார் தூக்கிப் போனார்கள் என்று மறுநாள் சொல்கிறான். காலையில் தறிக்குடோனுக்கு வந்து தூங்கி வழிகிறான். உண்மையில் என்னதான் நடந்தது?
– க.சு., குமாரபாளையம்

பதில்: என் பேரனும் அந்த வீடியோக்களைக் காட்டிக் கருத்துக் கேட்டவன்தான். ஆகவே கதை எனக்கு மனப்பாடம். லாஸ் வேகாஸ் பக்கம் குடியிருந்த ஒருவர். தனியாக மலையிலும் பொட்டலிலும் நெடுந்தூரம் நடக்கிற பழக்கம் உள்ளவர். விமானப்படையின் நிலத்துக்குப் பக்கத்தில் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போல வாய் கொண்ட ஒரு குகையைக் கண்டதாகவும், கிட்டே போகப் போக உடம்பு நடுங்கியதாகவும், பயந்து திரும்பிவிட்டதாகவும் இணையத்தில் எழுதினார். நம்பாதவர்கள் ஆதாரம் கேட்டார்கள். நம்பியவர்கள் மறுபடி போய்ப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். கேமராவோடு போனார், குகை கிடைக்கவில்லை, கிடைக்காததையும் படமாகப் போட்டார். 2014 நவம்பரில் திரும்பவும் போனார். வீடு வந்து சேரவில்லை. அவருடைய கைபேசி ஒரு பழைய சுரங்கக் குழியின் பக்கத்தில் கிடைத்தது. குழிக்குள்ளும் தேடிப் பார்த்தார்கள். ஆள் இல்லை.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். அந்த அஞ்சலட்டையை வைத்துக்கொண்டு பத்து வருடமாக மணிக்கணக்கில் பேசுகிறார்களே, அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

நமக்கும் இது புதிதல்ல. சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளைச் சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். தண்ணீர் வைத்தால் மழை கொட்டும் என்பார் காங்கேயத்துக்காரர், பஞ்சம் வரும் என்பார் தாராபுரத்துக்காரர். எது நடந்தாலும் யாராவது ஒருவர் முன்பே சொன்னவர் ஆகிவிடுவார். நான் பெட்டியைக் குறை சொல்லவில்லை, கும்பிடுகிறவன்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பொருள் மட்டுமே. குழிப் பக்கம் கிடந்த அந்தக் கைபேசியும் அப்படித்தான்.

எல்லா ஊகமும் வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மருமகனுக்கு இன்னொரு கதையைச் சொல்லுங்கள். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் காணாமல் போனது. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாகி இன்றுவரை உலகச் சாதனையாக நிற்கிற இடம் அது. அவர்கள் வாடகைக்கு எடுத்த வேன் அக்டோபரில் ஒரு காட்டாற்றுப் படுகையில் கிடைத்தது. டயர்கள் காற்றிறங்கிக் கிடந்தன. ஆட்களைக் காணோம். உடனே பேச்சுக் கிளம்பியது: கடன் தொல்லையாம், வேண்டுமென்றே மறைந்துவிட்டார்களாம், வேறு நாட்டில் வேறு பெயரில் வாழ்கிறார்களாம்.

பல வருடம் கழித்து மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருந்த ஒருவர் இந்த வழக்கை எடுத்தார். அவரும் ஊகம்தான் செய்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த வரைபடத்தில் என்ன தெரிந்திருக்கும்? தெற்கே கடற்படையின் ஆயுதச் சோதனை நிலம் குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் ராணுவ எல்லை என்றால் என்ன நினைப்பார்கள்? வேலி இருக்கும், காவலுக்கு ஆள் இருப்பான், அவனிடம் தண்ணீர் இருக்கும். அங்கேயோ வேலியும் இல்லை, காவலும் இல்லை, வெறும் பொட்டல். முதல் தேடுதலில் யாரும் அந்தத் திசையைப் பெரிதாக எண்ணவில்லை. இவர் எண்ணினார், தண்ணீரைத் தோளில் சுமந்து நடந்தார். 2009 நவம்பரில் பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தன. பொய்யாகிப் போகக்கூடிய ஊகத்தைச் சொல்லி, பொய்யா மெய்யா என்று தானே போய்ப் பார்த்தவர் அவர். வேற்றுக்கிரகத்தாரைச் சொல்கிறவருக்கு இந்த வேலையே இல்லை. பொய் என்று யார் போய் நிரூபிப்பது?

தறிக்குடோன் விஷயத்துக்கு: இராத்திரி கைபேசியை உங்கள் அக்காளிடம் கொடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. கோபுரத்தை வைத்து ஆள் இருக்கிற இடத்தைச் சொல்ல முடியாதா? சினிமாவில் நொடியில் கண்டுபிடிக்கிறார்களே?
– ஒரு மாணவர், பவானி

பதில்: சினிமாவில் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் புள்ளியைத் தேடியிருக்கிறேன் தம்பி, கண்டதில்லை.

ஊருக்குள் கோபுரங்கள் நெருக்கமாக நிற்கும். ஒரு கைபேசியின் சமிக்ஞை மூன்று நான்கு கோபுரங்களில் பட்டால் ஓரளவு இடத்தைச் சொல்லலாம். காட்டிலும் பாலையிலும் ஒரு கோபுரம்தான் எட்டும், அதுவும் தொட்டும் தொடாமலும். சமிக்ஞை போய்வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவோம். பழைய ஜிஎஸ்எம் (2ஜி) கைபேசி முறையில் அந்தக் கணக்கு சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் வரும். அதிகபட்சம் 35 கிலோமீட்டர். திசை என்றால் ஆன்டெனா பார்க்கிற பக்கம், அவ்வளவே. ஆகக் கிடைப்பது புள்ளி அல்ல, மலைமேல் வளைந்து போகிற ஒரு நீண்ட கோடு. பாறையில் மோதித் திரும்பி வந்த சமிக்ஞை என்றால் அந்தக் கோடும் சந்தேகம்தான்.

2010 ஜூனில் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குத் தனியாக நடக்கப் போன 66 வயதுக்காரர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவருடைய கைபேசி ஒரு கோபுரத்தை ஒரே ஒரு முறை தொட்டது. கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. அந்த ஒற்றைத் தொடுகையை வைத்து எத்தனை பேர் எத்தனை கோடு கிழித்தார்கள்! தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் அந்தக் கோட்டோரம் நடந்தார்கள். வீட்டில் இருந்தபடி இணையத்தில் சண்டை போட்டவர்கள் இன்னும் அதிகம். 2022 பிப்ரவரியில் அந்தப் பக்கம் நடக்கப் போனவர்கள் கண்ணில் எச்சங்கள் பட்டன.

நம் ஊரிலும் ஒன்று. நான் பணியில் இருந்தபோது சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். போர்வை நெசவு செய்கிற குடும்பம். மகனின் எண்ணைக் கூலிச்சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, நான்காக மடித்து, சுருக்குப்பையில் வைத்திருந்தார். “இந்த நெம்பர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் சாமி” என்றார். காவல்துறை எழுத்து மூலம் கேட்டால்தான் அந்தப் பதிவைத் திறக்க முடியும். தாய் கேட்டாலும் விதி அதுதான். ஏன் விதி அப்படி என்று அவருக்கு விளக்கும் கொடுமை எனக்கு வாய்த்தது. நானே காவல் நிலையம் வரை கூடப் போனேன். மனு வாங்கினார்கள். பையன் சேலத்தில் ஒரு பரோட்டாக் கடையில் இருந்தான். வீட்டில் கோபித்துக்கொண்டு போனவன்.

கேள்வி: பாலைவனத்தில் வழி தவறினால் ஒரே திசையில் நேராக நடந்தால் ஏதாவது ஊர் வந்துதானே ஆக வேண்டும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வாய்க்கால் பாசனத்து ஊர்க்காரி கேட்கிற கேள்வி, கண்ணு. உங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் டீக்கடை வந்துவிடும்.

நேராக நடப்பது நாம் நினைக்கிற அளவு எளிதல்ல. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். காட்டிலும், துனீசியாவில் சகாரா மணலிலும் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலாவோ கண்ணில் பட்டவரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் வளைந்தார்கள். நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்துப் பழைய தடத்திலேயே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள்.

நடக்காமல் ஒரே இடத்தில் இருப்பது நல்லது என்பது பொது விதி. அதற்கும் உத்தரவாதம் இல்லை. 1933 ஏப்ரலில் பில் லங்காஸ்டர் என்ற ஆங்கிலேய விமானி சகாராவில் விழுந்தார். விமானத்தை விட்டு நகரவில்லை. கொஞ்சம் தண்ணீரோடு எட்டு நாள் நாட்குறிப்பு எழுதியபடி காத்திருந்தார். விமானமும் உடலும் குறிப்பும் 1962இல்தான் பிரெஞ்சு ராணுவ ரோந்தின் கண்ணில் பட்டன. இதற்கு நேர்மாறாக, 1994இல் மொராக்கோ பாலைவன ஓட்டப் பந்தயத்தில் மணற்புயலில் வழி தவறிய இத்தாலியப் போலீஸ்காரர் மௌரோ புரோஸ்பெரி நடந்தார். காலையிலும் மாலையிலும் நடந்து, உச்சியில் நிழலில் ஒதுங்கி, பாழடைந்த தர்கா ஒன்றில் வௌவால் இரத்தம் குடித்து, ஒன்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்து, அல்ஜீரியாவுக்குள் போய் நாடோடிகளிடம் சேர்ந்தார். பந்தயத் தடத்திலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் தள்ளி! அவர் கதையைக் கேட்டுப் பொய் என்றவர்களும் உண்டு. உயிரோடு திரும்பி வந்தாலும் ஊகம் விடாது போலிருக்கிறது.

கேள்வி: ஊகம் செய்வதால் யாருக்கு என்ன நஷ்டம்? பொழுதுபோக்குதானே?
– ர.பி., திருப்பூர்

பதில்: நஷ்டம் உங்களுக்கு இல்லை என்பது சரி.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. யார் வைத்தது என்று இணையத்தில் ஒரு பெருங்கூட்டம் துப்பறியக் கிளம்பியது. அதற்கு ஒரு மாதம் முன்பு காணாமல் போயிருந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரின் முகமும் புகைப்படத்தில் இருந்த முகமும் ஒன்று என்று யாரோ எழுத, விடிவதற்குள் உலகம் முழுவதும் பரவிவிட்டது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இரவெல்லாம் வசவும் மிரட்டலும். உண்மையான குற்றவாளிகள் வேறு ஆட்கள். அந்த மாணவர் சில நாள் கழித்து ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். எழுதியவர்கள் பதிவை அழித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுவதும் போகின்றன. அப்படி ராஜஸ்தானுக்குப் போன எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஜெய்சல்மேர் பக்கம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலோடி என்ற ஊரில் 2016 மே மாதம் 51 டிகிரி அடித்தது; வெயில் அப்படி. ரிக்கில் காற்றடிக்கும்போது கல்லும் சேறும் பீய்ச்சுமே, அந்தச் சேற்றில் அவன் கைபேசி விழுந்து செத்துவிட்டது. வண்டி சிக்னல் இல்லாத அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. இங்கே ஊர்க் குழுவில் முதலில் ‘வெயிலில் விழுந்துவிட்டானாம்’ என்று வந்தது. அடுத்து ‘அங்கேயே ஒருத்தியோடு குடித்தனமாம்’. கடைசியில் ‘முதலாளி பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம்’. அவனுக்கு உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயித்து வைத்திருந்த சம்பந்தம். பெண் வீட்டார் இரண்டாவது செய்தியோடு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். பையன் கறுத்து இளைத்து, முழுச் சம்பளத்தோடு வந்து இறங்கினான். முதலில் எழுதியது யார் என்று இன்றுவரை ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேள்வி: என் கொழுந்தனார் சவுதியில் வண்டி ஓட்டுகிறார். பல நாட்களாகப் பேச்சு இல்லை, கைபேசி அணைந்திருக்கிறது. ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், காங்கேயம்

பதில்: அம்மணி, முதலில் ஊர் வாயிலிருந்து கொஞ்சம் விலகி உட்காருங்கள். ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: பாஸ்போர்ட் எண், இக்காமா (சவுதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) எண், முதலாளி அல்லது கம்பெனியின் பெயர், அனுப்பிய ஏஜென்டின் பெயர், கடைசியாகப் பேசிய நாள், எங்கே போவதாகச் சொன்னார் என்பது. கடைசிப் பணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று வங்கியில் கேட்டால் அதுவும் உதவும்.

நம் சங்கப் பாடல்களில் மகள் காதலனோடு உடன்போக்குப் போய்விட்டால் செவிலித்தாய் பாலை வழியில் தேடிப் போவாள். வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் அல்ல, அதே வழியில் எதிரே வருகிறவர்களிடம்தான் கேட்பாள். நீங்களும் அப்படியே கேளுங்கள்: அவரோடு அறையில் இருந்தவர்கள், உடன் வண்டி ஓட்டுகிறவர்கள், அவர் சாப்பிட்ட மெஸ்காரர். அங்கே வேலை செய்கிற நம் பக்கத்து ஆட்களில் யாராவது ஒருவருக்கு அவர்களின் எண் தெரிந்திருக்கும். பாலைக்குள் இருக்கிற முகாமுக்கு மாற்றியிருந்தால் சிக்னல் இல்லாமல் போவது சாதாரணம். அங்கே விசாரணைக்குப் பிடித்துவைத்தாலும் கைபேசி கையில் இருக்காது.

கூடவே மூன்று இடத்தில் எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள். ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம். 2015 முதல் இருக்கிறது, வீட்டில் இருந்தே குடும்பத்தார் மனுப் போடலாம், அது ரியாத் தூதரகத்துக்கோ ஜித்தா துணைத் தூதரகத்துக்கோ போகும். அடுத்து, நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. பிறகு உங்கள் காவல் நிலையம். மனு ஏற்புச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். சவுதி எண்ணின் கோபுரப் பதிவு இங்குள்ள போலீசாருக்குக் கிடைக்காது. அதைத் தூதரகம் வழியாக அந்த நாட்டுக் காவல்துறைதான் பார்க்க வேண்டும். ஆகவே தூதரக மனு தாமதமாகக் கூடாது.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் தெலங்கானாவைச் சேர்ந்த ஓர் இளைஞரும் உடன் வேலை பார்த்த சூடான் நாட்டவரும் சவுதியின் ரூப் அல் காலி பாலைவனத்தில் வழி காட்டும் கருவி வேலை செய்யாமல், கைபேசியும் அணைந்து, எரிபொருள் தீர்ந்து மாட்டிக்கொண்டார்கள். ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. சில நாள் கழித்து வண்டிக்குப் பக்கத்தில் உடல்களாகத்தான் கிடைத்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாத ஆளுக்கு வாரக் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

அவருடைய பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். போட்ட மறுநாளே ‘உங்கள் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வரும். அழைப்பவரிடம் அவருடைய அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வையுங்கள். மாமியாருக்குக் கம்பங்கூழாவது கரைத்துக் கொடுங்கள்.

கேள்வி: காணாமல் போனவரைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கலாமா?
– வே.மு., அவிநாசி

பதில்: 1926 டிசம்பரில் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி காணாமல் போனார். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் அவருடைய கையுறை ஒன்றை வாங்கி ஆவியுலகத் தொடர்பாளர் ஒருவரிடம் கொடுத்துக் கேட்டார். கணவர் கொன்றிருப்பாரோ என்று பத்திரிகைகள் எழுதின. அம்மையார் 11 நாள் கழித்து ஹாரோகேட் நகரத்து ஓட்டலில் இருந்தார். அடையாளம் கண்டு சொன்னது அங்கே வாத்தியம் வாசித்தவர்கள். வெற்றிலையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

கேள்வி: எலும்பு கிடைத்து மரபணுச் சோதனையும் செய்துவிட்டால் ஊகத்துக்கு முற்றுப்புள்ளிதானே?
– ஓர் ஆசிரியை, கரூர்

பதில்: பெரும்பாலும். எவரெட் ரூஸ் என்ற 20 வயது ஓவியர் 1934 நவம்பரில் அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்துக்குள் இரண்டு கழுதைகளோடு போனார். கழுதைகள் கிடைத்தன, பாறையில் ‘நெமோ 1934’ என்ற கீறல் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. மெக்சிகோவில் பார்த்தேன், பழங்குடியினரோடு வாழ்கிறார் என்று தலைமுறை தலைமுறையாகப் பேச்சு. 2008இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணு ஒத்துப்போகிறது என்று 2009இல் அறிவித்தார்கள். சிலர் பல்லைப் பார்த்துச் சந்தேகம் எழுப்ப, ராணுவத்தின் மரபணு ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதித்தார்கள். அவர் இல்லை. அந்த எலும்பு வேறு யாரோ ஒருவருடையது. அந்த வேறு யாரையும் யாரோ தேடியிருப்பார்கள் அல்லவா, அதைப் பற்றி ஒரு வீடியோவும் நான் பார்க்கவில்லை.

கேள்வி: காணாமல் போய் 7 ஆண்டு ஆனால் இறந்தவராகக் கருதலாம் என்கிறார்களே?
– பங்காளி வழக்கில் இருப்பவர், தாராபுரம்

பதில்: முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சியச் சட்டம் 111ஆம் பிரிவு. வழக்கமாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகள் எதுவும் கேள்விப்படாமல் இருந்தால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீலைப் பாருங்கள், என்னைப் பார்த்தால் பங்காளிக்குத்தான் லாபம்.

கேள்வி: இவ்வளவும் சொன்னீர்கள். அந்த நெவாடாக்காரர் விஷயத்தில் உங்கள் ஊகம் என்ன? ஒரு வரி சொல்லுங்கள்.
– க.சு.வின் அக்காள் மகன், குமாரபாளையம்

பதில்: மாமன் கடிதத்தோடு உன் கடிதமும் ஒரே உறையில் வந்திருக்கிறது தம்பி. நெவாடாவில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் ஏராளம். நம் காட்டில் சுவர் இல்லாத பாழுங்கிணறுகள் போல, புதருக்குள் வாயைத் திறந்து கிடக்கும். இதற்கு மேல் நான் ஒரு வரி சொன்னால் நாளைக்கே ‘இந்தியத் தொலைபேசி நிபுணர் உடைத்த ரகசியம்’ என்று ஒரு வீடியோ வரும், அதையும் நீ விடிய விடியப் பார்ப்பாய். சொல்ல மாட்டேன். மஞ்சளை இப்போது விற்கலாமா, கிடங்கில் வைக்கலாமா என்று கேட்டிருக்கும் மொடக்குறிச்சி வாசகருக்கு அடுத்த இதழில் பதில்.